'தேர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' எங்கே சறுக்கியது?

வணக்கம். 2017 மார்ச் 31-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் 'தேர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' தொடர் வந்தது. ஹன்னா பேக்கர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி தற்கொலை செய்துகொள்கிறாள். யார் யார் தன்னை எப்படியெல்லாம் நோகடித்தார்கள் என்று முன்கூட்டியே கேசட்டுகளில் பேசிப் பதிந்து, அந்தப் பெட்டி சம்பந்தப்பட்ட ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேரும்படி ஏற்பாடு பண்ணிவிட்டுப் போகிறாள்.

முதல் சீசனின் கடைசி எபிசோடில் அந்தச் சாவையே கிட்டத்தட்ட மூன்று நிமிடம் காட்டினார்கள். அதை நான் விவரிக்கப் போவதில்லை. பார்க்கவே வலிக்க வேண்டும் என்றுதான் அப்படி எடுத்தோம் என்றார்கள் எடுத்தவர்கள். தற்கொலைத் தடுப்பு வேலையில் இருப்பவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் அதை வெட்டியது 2019 ஜூலையில்.

[திரையில்: அமெரிக்கா, ஏப்ரல் 2017, 10 முதல் 17 வயது]

நிஜமாகவே பாதிப்பு இருந்ததா? தொடர் வெளியான அடுத்த மாதம் இந்த வயதினரிடையே தற்கொலை விகிதம் எதிர்பார்த்ததைவிட 28.9 சதவீதம் கூடியிருந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. காரணம் இந்தத் தொடர்தான் என்று அந்த ஆய்வே அடித்துச் சொல்லவில்லை. பிறகு அதே கணக்கை மறுபடி அலசியவர்கள் அந்த முடிவையே கேள்வி கேட்டார்கள். ஆக, தொடர் கொன்றது என்று யூடியூப் தம்ப்நெயில் போடுவது சரியில்லை. எந்தக் கவலையும் இல்லாத பிள்ளை ஒரு எபிசோட் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ளுக்குள் நொறுங்கிப்போன பிள்ளை ஹன்னாவிடம் தன்னைப் பார்க்கிறதே, பயம் அங்கேதான்.

அந்தப் பிள்ளைக்குக் கதை என்ன சொல்கிறது? செத்த பிறகும் ஹன்னா பேசிக்கொண்டே இருக்கிறாள், உயிரோடு இருந்தபோது காது கொடுக்காதவர்கள் எல்லோரும் இப்போது உட்கார்ந்து கேட்கிறார்கள், தப்பு செய்தவன் மாட்டுகிறான், அவளை நேசித்த பையன் கதறுகிறான். செத்துப்போனவளுக்கு இதில் ஒன்றுமே தெரியாது, ஆனால் பார்க்கிற நமக்கு அவள் ஜெயித்த மாதிரி இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் அவள். அந்த மனக்காயம் என்ன செய்யும், அதிலிருந்து ஆட்கள் எப்படி மீண்டு வருகிறார்கள், மனச்சோர்வு என்றால் என்ன, இதெல்லாம் முதல் சீசனில் தேடினாலும் கிடைக்காது.

எனக்கு வெட்டிய காட்சியைவிட வெட்டாமல் விட்ட ஒன்றுதான் உறுத்துகிறது. கடைசியாக ஹன்னா பள்ளிக் கவுன்சிலரிடம் போகிறாள். நடந்ததைப் பாதி சொல்லியும் சொல்லாமலும் தவிக்கிறாள். அவர் கேட்கிற கேள்விகள் அவள்மேலேயே பழியைப் போடுகிற மாதிரி இருக்கின்றன, கடைசியில் அதைக் கடந்து போகச் சொல்கிறார். வெளியே வந்து ஒரு நிமிஷம் நிற்கிறாள், கூப்பிடுவாரா என்று. அவர் வரவில்லை. இப்படி நிஜத்திலும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உதவி கேட்டால் இதுதான் கிடைக்கும் என்பது மட்டுமே கதையில் இருந்தால், பார்க்கிற பிள்ளை எந்தக் கதவைத் தட்டும்?

அதே 2017-இல் லாஜிக் என்கிற அமெரிக்க ராப் பாடகர் ஒரு பாட்டு போட்டார். தலைப்பே தற்கொலைத் தடுப்பு உதவி எண்தான். சாக நினைக்கிற ஒருவன் போன் பண்ணுகிறான், எதிர்முனையில் ஒருவர் எடுக்கிறார், பேசுகிறார், அவன் பிழைக்கிறான். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில் அந்த எண்ணுக்கு ஏறக்குறைய 9,900 அழைப்புகள் கூடுதலாக வந்தன, 10 முதல் 19 வயதினரிடையே தற்கொலை 5.5 சதவீதம் குறைந்திருந்தது என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. இதுவும் நேரடி நிரூபணம் கிடையாது. ஆனால் இரண்டு கதையும் தொடங்குவது ஒரே வலியில்தான். ஒன்றில் போனை எடுக்க ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த மாதிரித் தொடர் பார்த்தால் பிடுங்கி வைக்காதீர்கள், கூட உட்காருங்கள். முகம் சரியில்லை என்றால் சுற்றி வளைக்காமல் "சாகணும்னு தோணுதாம்மா?" என்றே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் பதறி அறிவுரையைத் தொடங்க வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம், பக்கத்திலேயே இருந்து கீழே உள்ள எண்ணுக்குச் சேர்ந்தே போன் பண்ணுங்கள்.

[திரையில்: இந்தியா, டெலிமானஸ் (அரசு மனநல உதவி எண்) 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கை, மனநல உதவி எண் 1926.]