ஆமிக்காரர் செய்த சமாதானம்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

படையிலிருந்து அரசியலுக்கு வந்த ஒரு தலைவரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். பிரான்சின் டி கோல் இருக்கிறார், எகிப்தின் நாசர் இருக்கிறார். நான் எடுத்துக்கொண்டது இந்தோனேசியாவின் சுசிலோ பம்பாங் யுதோயோனோவை. 2004 டிசெம்பர் 26 இல் கல்லடியையும் கல்முனையையும் அடித்த சுனாமி அலைதான் அவருடைய நாட்டில் ஆச்சே மாகாணத்தைத் துடைத்துப் போட்டது. அங்கேயும் தனிநாடு கேட்ட கிளர்ச்சியாளர்களுக்கும் அரசுக்கும் பல வருடங்களாக யுத்தம். ஆனால் எட்டே மாதத்தில் அங்கே சமாதானம் வந்துவிட்டது.

ஆளுடைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949 இல் கிழக்கு ஜாவாவில் பிறந்தார். 1973 இல் இராணுவக் கல்லூரியில் முதலாவதாகத் தேறினார். கிழக்குத் திமோரில் கடமை, அமெரிக்காவில் பயிற்சி, பொஸ்னியாவில் ஐ.நா. கண்காணிப்புப் பணி. கட்டியது ஒரு பெரிய ஜெனரலின் மகளை. அதுவும் கொஞ்சம் கைகொடுத்திருக்கும்தானே. ஜனாதிபதி சுகார்த்தோவின் காலத்தில் இராணுவத்துக்கு நாடாளுமன்றத்திலேயே ஆசனங்கள் இருந்தன. அதனால் அவர் திடீரென்று அரசியலில் குதித்தார் என்று சொல்ல முடியாது.

1999 இல் ஜனாதிபதி வாகித்தின் அரசில் அமைச்சரானார். 2001 இல் வாகித் தன் பதவியைக் காப்பாற்ற அவசரகால நிலையைக் கொண்டுவரப் பார்த்தபோது இவர் உடன்படவில்லை. பதவி போயிற்று. அடுத்து ஜனாதிபதியாக வந்த மேகவதி திரும்பவும் அமைச்சராக்கினார். 2003 மே மாதம் ஆச்சேயில் இராணுவச் சட்டம் வந்தபோது பாதுகாப்பு விவகாரங்களை ஒருங்கிணைத்த அமைச்சர் இவரேதான். இதை மறைத்துவிட்டு அவரைச் சமாதானப் புறா என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

2004 இல் மேகவதியோடு முறிந்தது. அவருடைய கணவர் இவரைச் சிறுபிள்ளைத்தனமான ஜெனரல் என்று நையாண்டி செய்ய, சனங்களின் அனுதாபம் இந்தப் பக்கம் சாய்ந்தது. மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவுசெய்த முதல் தேர்தல் அது. இரண்டாம் சுற்றில் 60 வீதத்துக்கு மேல் எடுத்து வென்றார். பதவியேற்று இரண்டு மாதத்தில் சுனாமி.

அலைதான் சமாதானத்தைக் கொண்டுவந்தது என்று பலர் சொல்வார்கள். அது அரைவாசிதான் சரி. உப ஜனாதிபதி யூசுப் கல்லாவின் ஆட்கள் அலைக்கு முன்னரே கிளர்ச்சியாளர்களோடு இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ரியாமிசார்ட் என்ற கடும்போக்கு ஜெனரலை முப்படைத் தளபதியாக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் மேகவதி. இவர் வந்த கையோடு அந்தப் பரிந்துரையைத் திருப்பி எடுத்தார். 2005 பெப்ரவரியில் அவரைத் தரைப்படைத் தளபதிப் பதவியிலிருந்தும் மாற்றினார். படைக்குள் யார் எதற்கு முறுக்குவார்கள் என்று தெரிந்த ஓர் ஆமிக்காரரால் முடிந்த காரியம் அது. ஒரு சிவிலியன் ஜனாதிபதி கைவைத்திருந்தால் என்ன நடந்திருக்குமோ!

2005 ஓகஸ்ட் 15 இல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம். நடுவர், பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி அத்திசாரி. கிளர்ச்சியாளர்கள் தனிநாட்டைக் கைவிட்டார்கள். அரசு ஆச்சேக்கு உள்ளூர்க் கட்சிகளையும் இயற்கை வள வருமானத்தில் 70 வீதத்தையும் ஒத்துக்கொண்டது. 840 ஆயுதங்கள் நான்கு கட்டமாக ஒப்படைக்கப்பட்டன. வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் அவற்றைச் சனங்களின் கண்முன்னாலேயே மெஷினால் அறுத்துத் துண்டாக்கினார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாகப் படையும் வெளியேறியது. அடுத்த வருடம் டிசெம்பரில், சுனாமி வந்தபோது சிறையில் இருந்த ஒரு முன்னாள் கிளர்ச்சியாளர் ஆச்சேயின் ஆளுநராகத் தெரிவானார்.

சரி, நம் பக்கம்? இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். சுனாமி நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து பங்கிடுவதற்கான பொதுக்கட்டமைப்பு 2005 ஜூனில் கைச்சாத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. கட்சி அரசை விட்டுப் போயிருந்தது. முஸ்லிம்களை ஒரு தரப்பாகச் சேர்க்கவில்லை என்ற கோபம் கரையோரம் முழுக்க இருந்தது. அது நியாயமான கோபம். ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கிய பகுதிகளுக்குத் தடை போட்டது. அதோடு சரி. நிவாரணத்தைப் பங்கிடவே முடியாதவர்கள் அதிகாரத்தை எப்படிப் பங்கிடுவார்கள்?

யுதோயோனோ 2009 இல் முதல் சுற்றிலேயே திரும்ப வென்று, 2014 இல் வீட்டுக்குப் போனார். முடிவெடுக்கத் தயங்குபவர் என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. ஹெல்சிங்கியில் எழுதிய எல்லாமும் நடக்கவில்லை. ஆச்சேக்கு ஒரு மனித உரிமை நீதிமன்றம் என்று அதில் இருக்கிறது. அவர் ஆண்ட 10 வருடத்தில் அது வரவில்லை. தன் படைத் தோழர்களைத் தளபதிப் பதவியிலிருந்து இறக்க முடிந்தவரால் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியவில்லை. காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு மட்டக்களப்புக் காந்திப் பூங்காவுக்கு முன்னால் நிற்கும் தாய்மாருக்கு இது விளங்கும்.

நன்றி, வணக்கம்.