வண்டி இடிச்ச முதல் ஒரு மணி நேரம்: சட்டப்படி என்ன செய்யணும்?

[காட்சி: சாலையோரம் நிற்கும் கார். நாலு இண்டிகேட்டரும் மினுக்குகின்றன.]

இடிச்ச சத்தம் அடங்கினதும் கை நடுங்கும், காது அடைச்சுக்கும். அந்த நேரத்துல சட்டம் யாருக்கும் ஞாபகம் வராது. அதனால நிதானமா இருக்கும்போதே இதைக் கேட்டு வச்சுக்கோங்க.

வண்டிய நிறுத்துங்க. சின்ன உரசல்தானேன்னு கிளம்பிடாதீங்க. நிக்காம போறது பல நாடுகள்ல தனிக் குற்றம். விபத்துல உங்க தப்பே இல்லாட்டியும், ஓடிப்போன தப்பு உங்க மேல வந்துடும். 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையோட 31-வது பிரிவும் இதைத்தான் கேக்குது: நிக்கணும், கேட்டா நீங்க யாருன்னு சொல்லணும், காயம் பட்டிருந்தா போலீஸுக்குத் தெரிவிக்கணும், உயிரிழப்போ பலத்த காயமோ இருந்தா தடயம் கலையாம பாத்துக்கணும்.

அடிபட்டவங்களுக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா? இப்ப போனை எடுங்க.

[காட்சி: தார்ச்சாலையில் சிதறிய கண்ணாடித் துண்டுகள், பக்கத்தில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு.]

எல்லாரும் நசுங்கின பம்பரை மட்டும் போட்டோ எடுப்பாங்க. பம்பர் நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். இந்தக் கண்ணாடித் துண்டு அரைமணி நேரத்துல பெருக்கித் தள்ளப்படும். அது எந்த லேன்ல கிடக்குதோ, வண்டிங்க எங்க மோதிச்சுன்னு காட்டுற சாட்சி அதுதான். டயர் கோட்டை ஒரு மழை அழிச்சிடும். தள்ளி நின்னு சிக்னல், வளைவு, ரெண்டு வண்டியும் ஒரே படத்துல வர்ற மாதிரி எடுங்க. அப்புறம் கிட்டப் போங்க. நம்பர் பிளேட், எதிர் டிரைவரோட லைசென்ஸ், இன்சூரன்ஸ், பார்த்தவங்க போன் நம்பர் எல்லாம் சேருங்க.

டேஷ்கேம், அதாவது கார் முன்கண்ணாடியில மாட்டுற கேமரா, இருந்தா அதோட மெமரி கார்டை உடனே கழட்டி வைங்க, பழைய பதிவு மேலயே புதுசு எழுதிடும். பக்கத்துக் கட்டட சிசிடிவி பதிவை அழிக்க வேண்டாம்னு எழுத்துல கேளுங்க. காருக்குள்ளயும் ஒரு பதிவுக் கருவி இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 ஜூலையில இருந்து எல்லாப் புது கார்லயும் அது கட்டாயம். மோதலுக்கு முந்தின சில நொடிகள்ல எவ்வளவு வேகம், பிரேக் அமுக்கினாங்களான்னு அது சொல்லும். வழக்கு வரும்னு தோணினா வண்டிய அவசரப்பட்டு உடைக்கக் கொடுத்துடாதீங்க.

பேச்சுல கவனம் வேணும். "அடி பட்டுச்சா?"னு தாராளமா கேளுங்க, மனுஷத்தன்மை அது. ஆனா "நான்தான் கவனிக்கல"ன்னு சொல்லிடாதீங்க. யார் தப்புன்னு அந்த இடத்துல உங்களுக்கே முழுசாத் தெரியாது. கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியால 2006-ல வந்த சட்டப்படி, மன்னிப்புக் கேட்டது தப்பை ஒத்துக்கிட்டதா ஆகாது. எல்லா ஊர்லயும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. போலீஸ் எழுதுற வாக்குமூலத்தை வரிவரியா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, நகல் வாங்கிக்கோங்க.

அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. பதற்றத்துல வலி தெரியாது. கழுத்து அடுத்த நாள்தான் பிடிச்சுக்கும். பத்து நாள் கழிச்சுப் போனா, "இது விபத்துல வந்ததுதானா?"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனி கேக்கும்.

[காட்சி: மேசையில் ஒரு தாள், பக்கத்தில் பேனா.]

எனக்கு ரொம்பக் கவலை தர்ற இடம் இது. கொஞ்ச நாள்ல இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட இருந்து ஒரு தொகையும் ஒரு தாளும் வரும். "முழு மற்றும் இறுதித் தீர்வு"ன்னு அதுல எழுதியிருக்கும். கையில காசில்லாத நேரம், அந்தத் தொகை பெருசாத் தெரியும். கையெழுத்துப் போட்டுட்டா, ஆறு மாசம் கழிச்சு முதுகுக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாலும் மறுபடி கேக்குறது ரொம்பக் கஷ்டம். சிகிச்சை எங்க போய் முடியும்னு தெரியற வரை, ஒரு வக்கீல் படிச்சுப் பாக்குற வரை, பேனாவைத் தொடாதீங்க.

அதுக்காகக் காத்துக்கிட்டே இருக்கவும் முடியாது. காயத்துக்கு வழக்குப் போட இங்கிலாந்துல பொதுவா 3 வருஷம். இந்தியாவோட மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தம் எழுதி வச்சது 6 மாசம். உங்களுக்கு எத்தனை நாள்னு முதல் வாரமே வக்கீல்கிட்ட கேட்டு, அந்தத் தேதிய காலண்டர்ல குறிச்சு வைங்க.