கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர்

வணக்கம். இன்றைக்கு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். இடையில் பெரிய சத்தம் கேட்டால் பதற வேண்டாம், கொருக்குப்பேட்டை யார்டில் சரக்குப் பெட்டிகளைக் கோக்கிறார்கள். கீழே அம்மா தூங்குகிறார், அதனால்தான் மேலே வந்துவிட்டேன்.

போன வாரம் வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறார். "அண்ணா, நீங்களும் நம் ஏரியாப் பிள்ளைதான். உங்கள் தாத்தா மில் தொழிலாளி என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பிறகு எப்படி இத்தனை வருடமாக முதலாளிகளுக்காக வாதாடுகிறீர்கள்? மனசு உறுத்தவில்லையா?" சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறார், நானும் அப்படியே பதில் சொல்கிறேன். உறுத்தியிருக்கிறது, தம்பி. எங்கே, எதற்காக என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் 2001-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தேன். தம்பு செட்டி தெருவில் ஒரு சீனியர் அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் நிர்வாகத் தரப்பு வழக்குகள் நடத்துபவர். கொள்கை முடிவு எதுவும் எடுத்து நான் அங்கே போகவில்லை. இடம் கிடைத்தது, போனேன். முதல் இரண்டு வருடம் வாய்தா வாங்குவது, வழக்குக் கட்டு தூக்குவது, எதிருரையை, அதாவது வழக்குக்கு எங்கள் தரப்பு எழுதிக் கொடுக்கும் பதிலை, பிழை திருத்துவது, இவ்வளவுதான்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் தொழிலாளர் நீதிமன்றத்துக்குள் முதல் நாள் நுழைந்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவைக் கல்லூரியில் படித்திருந்தாலும் அது என்ன செய்யும் என்று நேரில் பார்த்ததில்லை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் வழக்கறிஞருக்கு இடமே கிடையாது. தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் கறுப்பு அங்கிக்கு வேலை. ஆனால் சங்க நிர்வாகி ஒருவர் சட்டப் படிப்பே இல்லாமல் தொழிலாளிக்காக எழுந்து நின்று பேசலாம். அப்படி நின்றவர்களில் திருவொற்றியூர் பக்கத்துச் சங்கத் தலைவர் ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. பையில் தொழிற்சாலையின் வேலை விதிகளைச் சொல்லும் நிலையாணைப் புத்தகம், நுனி மடித்த பக்கங்களோடு. என் சீனியரின் சாட்சியைப் பத்தே கேள்வியில் வியர்க்க வைத்துவிட்டார். குறுக்கு விசாரணை செய்ய நான் கற்றுக்கொண்டது அவரைப் பார்த்துத்தான். சீனியரிடம் இதைச் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை.

முதலாளி என்றதும் நம் மனத்தில் பெரிய கார், பெரிய கேட் வருகிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள் இல்லை. கொடுங்கையூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். அவரே மெஷினில் நின்றவர், இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. அவரிடம் 22 வருடம் வேலை பார்த்தவர் விலகிப்போய்ப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டிருக்கிறார். "கூடப் பிறந்தவனைப்போல வைத்திருந்தேன் சார், என் மேலேயே கேஸ் போட்டுவிட்டான்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கடைசிச் சம்பளம் 13,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. அதை 22 வருடத்தால் பெருக்கினால் 1,65,000. "இது அவருடைய பணம் அண்ணே. நீங்கள் கொடுக்கும் தானம் இல்லை, உங்களைக் கேஸில் இழுக்கும் தண்டனையும் இல்லை. 1972-லிருந்து சட்டம் இருக்கிறது. வழக்கு நடத்தினால் எனக்குக் கட்டணம் வரும், உங்களுக்கு வட்டி ஏறும்" என்றேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு தவணை கேட்டார். எதிர்த்தரப்பும் ஒத்துக்கொண்டது. அந்த வழக்கில் நான் நீதிமன்றப் படி ஏறவே இல்லை. என் தொழிலில் பெருமையாக நினைக்கும் நாள்களில் அதுவும் ஒன்று.

உறுத்திய கதைக்கு வருகிறேன்.

2008. மணலி பக்கம் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். 17 வருட சர்வீஸ் உள்ள ஒரு தொழிலாளி, மேற்பார்வையாளரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை. தற்காலிகப் பணிநீக்கம், நிர்வாகமே ஓர் அதிகாரியை வைத்து நடத்தும் உள்விசாரணை, கடைசியில் டிஸ்மிஸ். சங்கம் சமரசத்துக்குப் போனது. நிர்வாகம் எங்களிடம் வந்தது. விசாரணைக் கட்டை வாசிக்கும் வேலை எனக்கு.

இந்தக் கட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலையை விட்டு அனுப்பிய வழக்குகளில் நீதிபதி முதலில் பார்ப்பது, அந்த மனிதரை ஒழுங்காக விசாரித்தீர்களா என்பதைத்தான். அவருக்குப் புரியும் மொழியில் குற்றச்சாட்டு கொடுத்தீர்களா, துணைக்குச் சக தொழிலாளியை அனுமதித்தீர்களா, சாட்சியைக் கேள்வி கேட்க விட்டீர்களா, அவர் பக்கத்துச் சாட்சியைக் கூப்பிட விட்டீர்களா? விசாரணை முறையாக நடந்திருந்தாலும், தண்டனை அதிகம் என்று நினைத்தால் அதைக் குறைக்கும் அதிகாரத்தை தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-இல் வந்த 11-அ பிரிவு நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. எதிருரையில் எழுதியே ஆக வேண்டிய ஒரு வரியும் உண்டு: "விசாரணை செல்லாது என்று நீதிமன்றம் கருதினால், குற்றச்சாட்டை இங்கேயே சாட்சியம் வைத்து நிரூபிக்க வாய்ப்புத் தர வேண்டும்." அதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் உறுதி செய்தது. தம்பி, நீ எந்தப் பக்கம் நின்றாலும் இந்த வரி எதிருரையில் இருக்கிறதா என்று முதலில் தேடு.

அந்த மணலிக் கட்டு 41 பக்கம். விசாரணையின் கடைசி அமர்வு 14-ஆம் தேதி. விசாரணை அதிகாரியின் அறிக்கையில் கையெழுத்துக்குக் கீழே 20-ஆம் தேதி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் அடிமூலையில், எறும்பு அளவு எழுத்தில், கம்ப்யூட்டர் தானாகவே ஒரு தேதியை அச்சிட்டிருந்தது. 9-ஆம் தேதி. தொழிலாளி தன் சாட்சியைக் கூட்டிவந்தது 14-ஆம் தேதி. அந்தச் சாட்சி வாயைத் திறப்பதற்கு ஐந்து நாள் முன்பே தொழிலாளி குற்றவாளி என்று அச்சாகிவிட்டது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

நிர்வாகத்திடம் சொன்னேன். புதிதாக வேறு அதிகாரியை வைத்து விசாரியுங்கள், இல்லையென்றால் சமரசத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், சங்கம் 1,80,000 ரூபாய்க்கு இறங்கி வருகிறது என்றேன். "அந்தப் பொடி எழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார் அங்கே பெரிய பொறுப்பில் இருந்தவர்.

மஞ்சள் பைக்காரர் பார்த்தார்.

கூண்டில் விசாரணை அதிகாரி. "ஐயா, இந்தத் தாளின் கீழே என்ன தேதி இருக்கிறது, நீதிமன்றத்துக்கு வாசித்துக் காட்டுங்கள்." அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பிறகு, கம்ப்யூட்டரில் தேதி தவறாக அமைந்திருந்தது என்று எழுந்து வாதாடியது நான். அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். என்னை உறுத்திய இடம் அதுதான், தம்பி. முதலாளிக்காக நின்றது எனக்கு உறுத்தவில்லை. அவருக்கும் வக்கீல் வேண்டும், அவர் தரப்பும் ஒழுங்காகச் சொல்லப்பட வேண்டும். தெரிந்தே ஒரு பொய்க்கு என் குரலைக் கொடுத்தேனே, அதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

விசாரணை செல்லாது என்று உத்தரவு வந்தது. எதிருரையில் அந்த ஒரு வரி இருந்ததால் புதிதாகச் சாட்சியம் வைக்க வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் ஒரே சாட்சியான மேற்பார்வையாளர் அதற்குள் வேலையை விட்டு ஊருக்கே போயிருந்தார். மீண்டும் பணி, தொடர்ச்சியான சர்வீஸ், வேலை இல்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிப் பின்சம்பளம் என்று தீர்ப்பு. நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 17-ஆ பிரிவின்படி, மேல் வழக்கு நடக்கும் வரை அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதா மாதம் கொடுக்க வேண்டியதாயிற்று, அவர் வேலைக்கு வராமலேயே. 2017-இல் 11,50,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டு முடித்தார்கள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். விசாரணைக் கட்டின் அசலை மேசையில் வைக்காத வரை வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. இதனால் போன கட்சிக்காரர்கள் உண்டு. போகட்டும்.

என் தாத்தா பெரம்பூரில் பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அந்தத் தொழிலாளர்களைக் கொண்டுதான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. தோள் கொடுத்தவர். 1920-இல் நிர்வாகத் தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள் மேல் தடையாணை வாங்கியது. அன்றைக்கு இருந்த சட்டப்படி அது நிர்வாக வக்கீல்களுக்குப் பெரிய வெற்றிதான். ஆனால் அந்த வெற்றியைப் பார்த்துத்தான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் நாடு முழுக்க எழுந்தது, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் சிங்காரவேலர் 1923-இல் மே தினம் கொண்டாடினார். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். என் பக்கத்து வக்கீல்கள் ஜெயித்த வழக்கே எதிர்ப்பக்கத்துக்குச் சட்டத்தை வாங்கிக் கொடுத்தது.

அந்த 1926 சட்டமும், நிலையாணைச் சட்டமும், தொழில் தகராறுகள் சட்டமும் சேர்ந்து இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு என்ற ஒரே தொகுப்பாகிவிட்டன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று மாலையிலிருந்து எனக்கு ஒரே போன். "சார், 300 பேருக்குக் கீழே இருந்தால் இனி யாரையும் கேட்காமல் அனுப்பிவிடலாமாமே?" அப்படி இல்லை. 300 என்பது ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு. அதற்குக் கீழே இருந்தாலும் நோட்டீஸ் உண்டு, இழப்பீடு உண்டு. ஒழுங்கு நடவடிக்கை என்றால் விசாரணை உண்டு. இதை நிதானமாகத் தனி வீடியோவில் பேசுகிறேன்.

அந்த மணலி வழக்கு முடிந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. காசோலையை நான்தான் அவரிடம் கொடுத்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவரில் பழைய அடையாள அட்டை, போனஸ் சீட்டுகள் எல்லாம் வைத்திருந்தார். காசோலையை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடி கொண்டுவரவில்லை. பிறகு என்னிடமே நீட்டினார்.

"தேதி சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் சார்."

வாசித்துக் காட்டினேன். நாள், மாதம், வருடம். கேட்டுக்கொண்டு, கவருக்குள் வைத்து, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினார்.