டிசைனைப் பதிஞ்சுட்டு அப்புறம் படம் போடுங்க மக்களே

வணக்கம் மக்களே. இன்னைக்கு டிசைன் பதிவு பத்தி, அதாவது நீங்க உருவாக்கின புது வடிவத்தை வேற யாரும் காப்பி அடிக்காம இருக்க அரசாங்கத்துல பதிஞ்சு வைக்குததைப் பத்திப் பேசப் போறோம். நாகர்கோவில் வடசேரியில கோயில் நகை செய்யுதவங்க, கன்னியாகுமரியில சங்கு, சிப்பி அலங்காரச் சாமான் செய்யுதவங்க, பனையோலைப் பெட்டி முடையுதவங்க, வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல துணி டிசைன், பாக்கெட் டிசைன் போடுத பிள்ளைங்க, எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.

புதுசா ஒரு மாடல் முடிச்ச உடனே நம்ம ஆளுங்க செய்யுத முதல் வேலை, ஃபோட்டோ எடுத்து இன்ஸ்டாகிராம்ல போடுதது. சட்டம் தரக்கூடிய பாதுகாப்பு அந்த நிமிஷமே கைவிட்டுப் போகுது. நம்ம நாட்டு வடிவமைப்புச் சட்டம் 2000-ல வந்தது. விண்ணப்பம் போடுத தேதிக்கு முன்னாடி அந்த வடிவம் இந்தியாவிலயோ வேற எந்த நாட்டுலயோ வெளியாகி இருக்கக் கூடாதுன்னு அது சொல்லுது. நீங்களே வெளியிட்டாலும் வெளியீடுதான். பதிவு கிடைச்ச பிறகுகூட, உங்க பழைய போஸ்டோட தேதியைக் காட்டி எதிராளி அந்தப் பதிவை ரத்து பண்ணக் கேக்கலாம்.

அப்போ யாருக்குமே காட்டக் கூடாதான்னு கேப்பீங்க. காட்டலாம். நம்பிக்கையின் பேர்ல ஒருத்தருக்கு மட்டும் ரகசியமாக் காட்டுதது வெளியீடு ஆகாது, சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு. ஒட்டியாணம் மாடலை ஒரு நடன ஆசிரியைக்குக் காட்டி அபிப்பிராயம் கேக்கணுமா? "இந்தப் படம் உங்க பார்வைக்கு மட்டும், வெளியில போகக் கூடாது"ன்னு எழுதி அனுப்புங்க, அவங்க ஒத்துக்கிட்ட பதிலையும் எடுத்து வைங்க. நூறு பேர் இருக்குத குரூப்ல போட்டுட்டு ரகசியம்னு சொன்னா எடுபடாது. கண்காட்சிக்கும் ஒரு சலுகை உண்டு. மத்திய அரசு அறிவிக்கை பண்ணின கண்காட்சியா இருக்கணும், முன்கூட்டியே பதிவாளருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கணும், வச்ச நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். சாதாரணமா ஊர்ல நடக்குத எக்ஸ்போவுக்கு இது பொருந்தும்னு நம்பி இறங்காதீங்க. விண்ணப்பத்தைப் போட்டு, எண் கையில வந்த பிறகு ஸ்டால்ல வைங்க. அதுதான் பத்திரம்.

செலவு எவ்வளவு? தனி ஆள் பேர்ல போட்டா அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் அதே 1,000 தான், ஆனா அவங்க உத்யம் சான்று (சிறு தொழில்னு அரசாங்கத்துல பதிஞ்ச சான்று) மாதிரி ஆதாரத்தைச் சேத்துக் காட்டணும். பெரிய கம்பெனிக்கு 4,000. பாதுகாப்பு 10 வருஷம். அது முடியுததுக்குள்ள நீட்டிக்க விண்ணப்பிச்சா இன்னும் 5 வருஷம், அதுக்குத் தனி ஆளுக்கு 2,000 ரூபாய். 15 வருஷத்துக்கு மொத்தமே 3,000 ரூபாய்தான். ஒரு நகை செட்டோட கூலியில இது எந்த மூலைக்கு?

இப்போ படம். விண்ணப்பம் நிக்குததும் விழுததும் பெரும்பாலும் இதுலதான், அதனால கொஞ்சம் நிதானமாப் பாப்போம்.

முழு உருவம் உள்ள பொருளுக்கு முன், பின், இடது, வலது, மேல், கீழ்னு ஆறு கோணமும், சாய்வா எடுத்த ஒரு கோணமும் கொடுங்க. ஏழுலயும் பொருள் ஒரே அளவுல, ஒரே நிலையில இருக்கணும். ஒரு படத்துல ஜிமிக்கியோட முத்து பன்னிரண்டு, இன்னொண்ணுல பதினொண்ணுன்னு இருந்தா ஆட்சேபணை வரும். பின்னணி வெறும் வெள்ளையா இருக்கட்டும். கை, கழுத்து, பொம்மைத் தலை, அடியில விரிச்ச பட்டுத்துணி எதுவும் வேண்டாம். ஸ்கேல் வைக்காதீங்க, அளவு எழுதாதீங்க, கடைப் பேர் வாட்டர்மார்க் போடாதீங்க.

கெம்பு நகையில ஒரு தனிச் சிக்கல் இருக்கு. மெருகு ஏத்தின பாகத்துல விளக்கோட பளபளப்பு விழுந்து, கல்லோட ஓரமே தெரியாமப் போகும். பளபளப்பு விழுந்த இடத்துல கோடு எங்க போகுதுன்னு விண்ணப்பத்தைப் பரிசீலிக்குத அதிகாரிக்குப் புரியாது. நேரா ஃபிளாஷ் அடிக்காம, ரெண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி அதுக்குப் பின்னால விளக்கு வைங்க. அப்பவும் தெளிவு வரலைன்னா ஃபோட்டோவை விட்டுட்டுக் கோட்டோவியமாக் கொடுங்க, அதையும் ஏத்துக்கிடுவாங்க. ஆனா பாதி ஃபோட்டோ, பாதி கோட்டோவியம்னு கலக்காதீங்க. துணி அச்சு மாதிரி தட்டையான டிசைனுக்கு ஒரு கோணமே போதும். ஒரே உரு திரும்பத் திரும்ப வந்தா, ஒரு முழுச் சுத்தும் அடுத்த சுத்தோட தொடக்கமும் படத்துல தெரியணும்.

அடுத்தது புதுமை அறிக்கை. எது புதுசுன்னு ஒரே வாக்கியத்துல சொல்லணும். "படத்தில் காட்டியுள்ளபடி ஒட்டியாணத்தின் வடிவத்திலும் அமைப்பிலும் புதுமை உள்ளது" என்கிற தினுசுல எழுதுங்க. எடை குறைவு, போட சுகம், வேர்வையில கறுக்காதுன்னெல்லாம் எழுதுதாங்க. அது ஒண்ணும் இங்க எடுபடாது. கண்ணுக்குத் தெரியுத வடிவம், உருவரை, அலங்காரம், வண்ணச் சேர்க்கை, இதுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம். கொக்கி வேலை செய்யுத விதம் புதுசுன்னா அது பேட்டன்ட் சமாசாரம்.

பாரம்பரிய சூரியப் பிறையையும் சந்திரப் பிறையையும் அப்படியே கொண்டு போய்ப் பதிய முடியாது. அது ஊர் சொத்து. நகையில வர்ற மாங்காய் உருவோட வளைவையும் கல் வரிசையோட போக்கையும் மாத்தி, பாத்த உடனே வேறன்னு தெரியுத அளவுக்கு நீங்க ஒண்ணு உருவாக்கினா, அந்த மாத்தம் உங்களுது. சிவப்புக் கல்லுக்குப் பதிலா பச்சைக் கல் வச்சதெல்லாம் போதாது.

விண்ணப்பத்துல பொருளோட வகை எண்ணும் போடணும். அது லொகார்னோ பட்டியல்படி, அதாவது டிசைன் பதிவுக்காகப் பொருள்களை வகை பிரிச்ச சர்வதேசப் பட்டியல்படி. நகைக்கு 11-01, சிப்பியில செய்யுத மேசை, சுவர் அலங்காரத்துக்கு 11-02. ஒரு விண்ணப்பத்துல ஒரே வகைதான். ஆனா நெத்திச்சுட்டி, ஜிமிக்கி, மாலை எல்லாம் ஒரே உருவைத் தழுவி, சேத்து விக்குத செட்டா இருந்தா, செட்டுன்னு சொல்லி ஒரே விண்ணப்பத்துல போடலாம். நிறைய பேர் இது தெரியாம நாலு விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுதாங்க.

ஆன்லைன்ல போடலாம், இல்லைன்னா சென்னை கிண்டி அலுவலகத்துலயும் கொடுக்கலாம். பரிசீலனை கொல்கத்தாவுல நடக்கும். ஆட்சேபணைக் கடிதம் வந்தா பயப்படாதீங்க, அது சகஜம். ஆனா தேதியைக் குறிச்சு வைங்க. விண்ணப்பிச்ச நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணி முடிக்கணும், கேட்டு வாங்கினா மேல 3 மாசம். அதையும் தாண்டினா விண்ணப்பம் கைவிட்டதாயிரும். கடிதம் மின்னஞ்சல்ல வரும், அதனால இன்டர்நெட் கடைக்காரரோட மின்னஞ்சலைக் கொடுத்துட்டு வராதீங்க.

சரி, அரசாங்கம் என்ன தருதுன்னு பாப்போம். தேசிய வடிவமைப்புக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2007 பிப்ரவரியில ஒப்புதல் கொடுத்தது. 2009-ல இந்திய வடிவமைப்புக் கவுன்சில் வந்தது. இப்போ சிறு தொழில்காரங்களுக்கு நேராப் பயன்படுதது, 2022 மார்ச்சுல எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகம் தொடங்கின எம்எஸ்எம்இ இன்னொவேடிவ் திட்டம். அதுல ரெண்டு கதவு நமக்கு.

ஒண்ணு, பதிவுச் செலவைத் திருப்பித் தருதது. டிசைன் பதிவுக்கு 15,000 வரை, டிரேட்மார்க்குக்கு 10,000 வரை, உள்நாட்டு பேட்டன்ட்டுக்கு 1 லட்சம் வரை. நீங்க முதல்ல செலவழிச்சு, சான்று வாங்கி, பில்லோட கேக்கணும். இங்க சிக்குதது பேர்தான். ஆதார்ல "எஸ். முருகன்", உத்யம்ல "முருகன் சுப்பையா", பில்லுல கடைப் பேர்னு மூணு விதமா இருந்தா கோப்பு நகராது. இனிஷியலை முதல்லயே நேராக்குங்க. உத்யம் பதிவுக்கு ஒத்தப் பைசா கட்டணம் கிடையாது, யாராவது கேட்டா கொடுக்காதீங்க. பணத்தைச் செலவழிக்குததுக்கு முன்னாடி, இணையதளத்துல விண்ணப்ப வாசல் அப்போ திறந்திருக்கான்னும் பாத்துக்கிடுங்க.

ரெண்டாவது, டிசைன் புராஜெக்ட். அதிகபட்சம் 40 லட்சம் ரூபாய் வரைக்கும் மதிப்புள்ள வேலை. குறு நிறுவனத்துக்கு 75 சதவீதமும், சிறு, நடுத்தர நிறுவனத்துக்கு 60 சதவீதமும் அரசுப் பங்கு. 4 லட்ச ரூபாய் வேலைன்னா 3 லட்சம் அரசு, 1 லட்சம் நீங்க. தனியா ஒரு பட்டறைக்காரர் 1 லட்சத்தை டிசைனுக்குன்னு ஒதுக்குதது லேசில்ல, எனக்குத் தெரியும். அதனால நான் சிபாரிசு பண்ணுதது மாணவர் புராஜெக்ட். கடைசி வருஷ மாணவர் உங்க பட்டறைக்காகச் செய்யுத வேலைக்கு 2.5 லட்சம் வரை, 75 சதவீதம் கிடைக்கும். கல்லூரியில தலைப்பு முடிவு பண்ணுததுக்கு முந்தின பருவத்துலயே பேராசிரியர்கிட்ட பேசி வைங்க. செமஸ்டர் தொடங்கின பிறகு போனா தலைப்பெல்லாம் ஏற்கனவே முடிவாகி இருக்கும்.

அப்படி வர்ற டிசைனருக்கு "புதுசா ஏதாவது செய்"ன்னு சொல்லாதீங்க. எழுதிக் கொடுங்க: தலைசாமான் (நடனத்துக்குத் தலையில போடுத நகை) மொத்தம் எத்தனை கிராமுக்குள்ள இருக்கணும், ஆடும்போது எந்த இடத்துல நூல் அறுகுது, எந்தக் கல் முதல்ல கழறுது, வாங்குதவங்க எந்த விலைக்கு மேல தயங்குதாங்க, உங்க பட்டறையில எந்த வேலை கையால, எந்த வேலை அச்சால. இது இல்லாமத் தொடங்கின புராஜெக்ட், கண்ணுக்கு அழகான படமா முடியும், பட்டறையில செய்ய முடியாது. வடிவம் யாருக்குச் சொந்தம்னும் முதல் நாளே எழுத்துல போடுங்க.

கடன் திட்டங்களை டிசைன் உதவின்னு குழப்பிக்கிடாதீங்க. தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டம் 25 கைத்தொழிலுக்கு, 35 வயசு நிறைஞ்சவங்களுக்கு, 3 லட்சம் வரை கடனுக்கு வழி செய்யுது. 25 சதவீத மானியம், ஆனா 50,000 தான் உச்சம். 2 லட்சத்துக்கு மேல கடன் வாங்கினாலும் மானியம் அதுக்கு மேல ஏறாது, 5 சதவீத வட்டி மானியம்தான் துணை. கருவி வாங்க, பட்டறை விரிக்க நல்ல திட்டம். நாகர்கோவில் கோணத்துல உள்ள மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க.

புவிசார் குறியீடு பத்தியும் ஒரு வார்த்தை. நாகர்கோவில் கோயில் நகைக்கும், 2025-ல தோவாளை மாணிக்க மாலைக்கும் அது கிடைச்சிருக்கு. அது பேரைக் காக்கும், உங்க புது மாடலைக் காக்காது. அந்தப் பேரை முறைப்படி போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா நீங்க தனியாப் பதியணும். அதுக்கு விண்ணப்பக் கட்டணம் வெறும் 10 ரூபாய்தான். அரளியும் நொச்சி இலையும் வச்சு மாணிக்க மாலை கட்டுதவங்க இதை இப்பவே செய்யுங்க.

"வரைஞ்சது நான்தானே, காப்பிரைட் இருக்கே"ன்னு சிலர் சொல்லுதாங்க. டிசைனாப் பதியக்கூடிய ஒண்ணைப் பதியாம விட்டு, தொழில் முறையில 50 தடவைக்கு மேல செஞ்சுட்டா, அந்தக் காப்பிரைட் முடிஞ்சுபோகும். காப்பிரைட் சட்டம் பதினஞ்சாம் பிரிவு. அச்சு வச்சு ஜிமிக்கி அடிக்குத பட்டறைக்கு 50 எத்தனை நாள் வேலை?

பதிவு வந்த பிறகு, விக்குத பொருள்ல பதிவு செஞ்சதுங்குத குறிப்பையும் எண்ணையும் பொறிங்க. ஒட்டியாணத்தோட உள்பக்கம் இடம் இருக்கு. இதை விட்டா, பின்னால நஷ்டஈடு கேக்கும்போது அடிபடும். யாராவது காப்பி அடிச்சா, ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 வரை கேக்கலாம், இல்லைன்னா உண்மையான நஷ்டத்தைக் காட்டி, தடை உத்தரவோட சேத்துக் கேக்கலாம். வழக்கு மாவட்ட நீதிமன்றத்துல தொடங்கும். எதிராளி உங்க பதிவே செல்லாதுன்னு வாதாடினா உயர் நீதிமன்றத்துக்கு மாறும், நமக்கு அது மதுரைக் கிளை. அங்க முதல்ல தோண்டுதது உங்க விண்ணப்பத் தேதிக்கு முந்தின போஸ்ட் ஏதாவது இருக்கான்னுதான்.