வெப் டெவலப்மென்ட் லேப்டாப்புக்கு எத்தனை ஜிபி ரேம்? டாஸ்க் மேனேஜரைத் திறந்தே பாத்துடலாம்

வணக்கம் மக்களே! வெப் டெவலப்மென்ட்டுக்கு லேப்டாப் வாங்கணும், 8 ஜிபி போதுமா, 16 வேணுமா, இல்ல 32 போட்டே ஆகணுமா? சுத்தி வளைக்காம சொல்லிடறேன்: 16. அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பலாம். ஆனா எந்த 16ங்கறதுலதான் விஷயமே இருக்கு, அதனால முடிஞ்சா இருங்க.

இப்ப என் ஸ்க்ரீனைப் பாருங்க. 16 ஜிபி போட்ட விண்டோஸ் மெஷின். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கறேன். டாஸ்க் மேனேஜர் வந்துடுச்சா? பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள மெமரி. இன்னும் ஒரு ஆப் கூட திறக்கல, அதுக்குள்ள 4 ஜிபிக்கு மேல காட்டுது. 8 ஜிபி மெஷின்னா விண்டோஸ் கொஞ்சம் அடக்கி வாசிக்கும், ஆனாலும் உங்க பங்குக்கு மிஞ்சறது கொஞ்சம்தான்.

விஎஸ் கோட் திறக்கறேன். இது எலக்ட்ரான்ல கட்டினது, அதாவது உள்ளுக்குள்ள ஓடறதே ஒரு குரோமியம்தான், குரோமுக்கு அடிப்படையா இருக்கற பிரவுசர். இருந்தாலும் எடிட்டரைக் குறை சொல்ல மாட்டேன். டைப்ஸ்கிரிப்ட் (டைப்ஸ் சேத்த ஜாவாஸ்கிரிப்ட்) ப்ராஜெக்ட்டைத் திறந்தீங்கன்னா பின்னாடி டிஎஸ் சர்வர்னு ஒண்ணு தனியா கிளம்பும் பாருங்க, மெமரியைத் தின்ற ஆளு அதுதான். உங்க கோடு, நீங்க இம்போர்ட் பண்ற பேக்கேஜோட டைப்ஸ், எல்லாத்தையும் மெமரில ஏத்தி வெச்சுக்கிட்டுதான் உங்களுக்கு ஆட்டோகம்ப்ளீட் காட்டுது. அதுக்கு விஎஸ் கோட் போட்டு வெச்சிருக்கற டிஃபால்ட் வரம்பு 3072 எம்பி. சின்ன ப்ராஜெக்ட்ல அதுக்குப் பக்கத்துலயே போகாது. பெரிய மோனோரெப்போ, அதாவது பல ப்ராஜெக்ட்டை ஒரே எடத்துல வெச்சிருக்கறது, அதுவும் ரெண்டு விண்டோ திறந்து வெச்சா, கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

அடுத்து குரோம். எல்லாரும் திட்டறாங்க, நான் திட்ட மாட்டேன். 2018ல ஸ்பெக்டர்னு ப்ராசஸர்ல இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்புறம், ஒரு சைட்டோட டேட்டாவை இன்னொரு சைட் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சைட்டுக்கு ஒரு ப்ராசஸ்னு பிரிச்சுட்டாங்க. இதனால 10லேர்ந்து 13 சதவீதம் வரைக்கும் மெமரி கூடும்னு கூகுளே அப்ப சொல்லிட்டுதான் செஞ்சாங்க. நம்ம ஆளுங்க டெவ்டூல்ஸ் (பக்கத்தோட கோடை பிரவுசர்லயே பாக்கற டூல்) வேற மூடவே மாட்டோம், டாக்குமென்டேஷன்னு ஒரு முப்பது டேப் வேற.

இது வரைக்கும் 8 ஜிபில மூச்சு முட்டினாலும் ஓடிடும். இப்ப டாக்கரை ஸ்டார்ட் பண்றேன், அதாவது ஒரு ஆப்பை அதுக்கு வேண்டிய எல்லாத்தோடயும் கன்டெய்னர்ங்கற தனிப் பொட்டில வெச்சு ஓட்டற டூல். லிஸ்ட்ல மேல ஏறி வருது பாருங்க, விஎம்மெம்னு. விண்டோஸ்ல டாக்கர் டெஸ்க்டாப் பொதுவா டபிள்யூஎஸ்எல் 2க்குள்ள (விண்டோஸ்லயே லினக்ஸை ஓட்டற வசதி) ஒரு லினக்ஸ் விஎம்லதான், அதாவது மெஷினுக்குள்ள ஒரு மெய்நிகர் மெஷின்லதான் ஓடும். அந்த விஎம் மொத்த ரேம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கலாம்ங்கறதுதான் டிஃபால்ட். 8 போட்டிருந்தா 4 அதுக்கே போயிடலாம்! கன்டெய்னரை நிறுத்தினாலும் உடனே திருப்பித் தர்றதில்ல, ஏன்னா லினக்ஸ் படிச்ச ஃபைலை எல்லாம் கேஷ்ல வெச்சுக்கும். டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் ஃபைல்ல மெமரிக்கு ஒரு உச்சவரம்பு போட்டுடுங்க, பாதித் தலைவலி போச்சு. மேக்லயும் விஎம் உண்டு. லினக்ஸ்ல டாக்கர் எஞ்ஜினை நேரா ஓட்டறவங்களுக்குத்தான் இந்தத் தொல்லை இல்ல.

அதனால டாக்கர், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் (போனை லேப்டாப்புலயே ஓட்டிக் காட்டறது) ரெண்டும் ஒண்ணா ஓட்டற ஆளுன்னா யோசிக்காம 32 போங்க. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், சின்னதா ரியாக்ட்னு இப்பதான் ஆரம்பிக்கறீங்கன்னா 8ல தாராளமா கத்துக்கலாம், பின்னாடி ஏத்தறதுக்கு வழி இருந்தா மட்டும்.

நடுவுல ஒண்ணு. பில்டு ஓடும்போது "ஹீப் அவுட் ஆஃப் மெமரி"ன்னு செத்துப் போச்சுன்னு சில பேர் ரேம் வாங்க ஓடறாங்க. பொறுங்க! அது பெரும்பாலும் நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசருக்கு வெளிய ஓட்டறது) தனக்குத்தானே போட்டுக்கற வரம்பு. லேப்டாப்புல எடம் சும்மா கெடக்கும்போதே அந்த எரர் வரும். மேக்ஸ் ஓல்டு ஸ்பேஸ் சைஸ்ங்கற ஆப்ஷனை ஏத்திப் பாத்துட்டு அப்புறம் பர்ஸை எடுங்க.

சரி, எந்த 16? ஸ்பெக்ல எல்பிடிடிஆர்னு (கரண்ட் கம்மியா இழுக்கற ரேம் வகை) போட்டிருந்தா ரேமை அனேகமா போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்க, அதாவது கழட்ட முடியாம பத்த வெச்சுட்டாங்கன்னு எடுத்துக்கங்க. இன்னிக்கு வாங்கறதுதான் கடைசி வரைக்கும். சில மாடல்ல பாதி சால்டர், பாதி ஸ்லாட்டுன்னு (ரேமைக் கழட்டி மாட்டற எடம்) கலந்து வரும். மெலிசா இருக்கற லேப்டாப் மேல எனக்கும் ஆசைதான், ஆனா சால்டர் பண்ணின 8 ஜிபியை டெவலப்மென்ட்டுக்கு வாங்குங்கன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆப்பிளே 2024 அக்டோபர்ல மேக்புக் ஏரோட ஆரம்ப மாடலை 8லேர்ந்து 16க்கு ஏத்திட்டாங்க. மேக்ல பின்னாடி ரேம் போடவே முடியாது. ஏற்கெனவே மேக் வெச்சிருக்கறவங்க எவ்வளவு ரேம் நிரம்பிருக்குன்னு பாக்காதீங்க, ஆக்டிவிட்டி மானிட்டர்ல (மேக்கோட டாஸ்க் மேனேஜர்) மெமரி பிரஷர் கலரைப் பாருங்க. மஞ்சள்லயே நிக்குதுன்னா அடுத்த தடவை பெருசா எடுங்க.

ஸ்லாட் இருக்கற மெஷின்னா நிம்மதி. டாஸ்க் மேனேஜர்ல அதே மெமரி பக்கத்துல, கீழ, எத்தனை ஸ்லாட்ல எத்தனை யூஸ் ஆகுதுன்னு போட்டிருக்கும். ரெண்டுல ஒண்ணு காலியா இருந்தா இப்ப 8 வாங்கி, தேவைப்படும்போது இன்னொரு 8 போடுங்க. ரெண்டு ஸ்டிக் ஆனா டூயல் சேனலும் (ரெண்டையும் ஒரே நேரத்துல படிக்கறது) வந்துடும், தனி மெமரி இல்லாம உங்க ரேமையே பகிர்ந்துக்கற இன்டகிரேட்டட் கிராஃபிக்ஸுக்கு அது நல்லது. பழைய தலைமுறை டிடிஆர்4 ஸ்லாட்ல புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம் உக்காராது, வெட்டு இருக்கற எடமே வேற, பாத்து வாங்குங்க.

புது லேப்டாப் பிரிச்சதும் முதல்ல இந்தப் பக்கத்தைத் திறந்துடுங்க. 16க்கு பதிலா 15.4, 15.7ன்னு காட்டினா ஏமாத்திட்டாங்கன்னு கிளம்பிடாதீங்க. ஹார்ட்வேர் ரிசர்வ்டுன்னு கீழ எழுதியிருக்கும், பெரும்பாலும் கிராஃபிக்ஸ் ஒதுக்கி வெச்சுக்கிட்டது அது. 8ன்னு காட்டினா மட்டும் பில்லைக் கையில எடுத்துக்கங்க.