வெட்டினாலும் நிற்கும் கடிதம்: உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுவது எப்படி?

[திரை: காலைப் பத்திரிகை விரிகிறது. 'ஆசிரியருக்குக் கடிதங்கள்' பகுதி நெருக்கத்தில்.]

நூலக நேரத்தைக் குறைக்கக் கூடாது, பேருந்துத் தடத்தை நிறுத்தக் கூடாது, ஏரியில் கழிவு விடக் கூடாது... ஏதோ ஒரு கோரிக்கைக்காக உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதப்போகிறீர்கள். அதை முதலில் படிப்பவர் அதிகாரியும் இல்லை, பொதுமக்களும் இல்லை. கடிதப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர். அவர் மேசையில் மற்றவர்கள் எழுதியதும் கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் இடமோ கொஞ்சம். 400 சொல்லில் நீங்கள் எழுதியதைப் பொறுமையாக உட்கார்ந்து 120 ஆக்க அவருக்கு நேரமில்லை. ஒதுக்கி வைத்துவிடுவார், அல்லது இரண்டு பத்தியைத் தூக்கிவிடுவார். தூக்கிய பத்தியில்தான் உங்கள் கோரிக்கை இருந்தது என்றால், அச்சில் மிஞ்சுவது வெறும் வருத்தம்.

அதனால் இந்த வீடியோவில் முக்கியமாகப் பார்க்கப்போவது இதுதான்: எங்கே வெட்டினாலும் கோரிக்கை பிழைக்கும்படி எழுதுவது.

[திரை: இரண்டு வாரப் பத்திரிகைகள், கையில் பென்சில்.]

எழுதும் முன் அந்தப் பத்திரிகையின் கடிதப் பகுதியை இரண்டு வாரம் படியுங்கள். வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துச் சொற்களை எண்ணுங்கள். அந்த ஐந்தில் மிக நீளமானதுதான் உங்கள் உச்சவரம்பு. செய்தி வந்த தேதிக்கும் கடிதம் வந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நியூயார்க் டைம்ஸ் தன் வாசகர்களிடம் கேட்பது 150 முதல் 200 சொல்; கடைசி 7 நாளில் வந்த ஒரு கட்டுரையைக் கடிதம் சுட்ட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகைகளின் அளவு இடத்துக்கு இடம் மாறும். ஆங்கில அளவை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே விஷயத்துக்குக் குறைவான சொற்கள்தான் ஆகும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் நீளம். 100 தமிழ்ச் சொல்லே பக்கத்தில் நல்ல இடம் பிடிக்கும்.

[திரை: நாட்காட்டி. செவ்வாய், புதன் கட்டங்கள் ஒளிர்கின்றன.]

அடுத்தது நேரம். செவ்வாய்க்கிழமை செய்தி வந்தால் அன்று இரவு எழுதி, புதன் காலையில் அனுப்பிவிடுங்கள். 1893 மே மாதம், டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது காந்தி மறுத்து வெளியே வந்தார். அந்த நிகழ்ச்சி பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். 'வேண்டாத விருந்தாளி' என்று பத்திரிகைகள் அவரைக் குறிப்பிட்டன. ஆனால் அந்த விவாதத்தால்தான், வந்திறங்கிய சில நாட்களிலேயே தென்னாப்பிரிக்காவில் தன் பெயர் பரவியது என்று பின்னாளில் அவரே சுயசரிதையில் எழுதினார். சூடு ஆறும் முன் எழுதியதால் கிடைத்த பலன் அது.

வாரப் பத்திரிகை என்றால் அச்சுக்குப் போகும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மூன்று நாள் முன்னதாக அனுப்புங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் விஷயம் பற்றி நகராட்சிக் குழுவில் வாக்கெடுப்பு 18ஆம் தேதி என்றால் கடிதம் 16க்குள் அச்சில் வந்தாக வேண்டும். 17ஆம் தேதி அனுப்பி, 20ஆம் தேதி வந்தால் யாருக்கு என்ன பயன்? தேர்தல் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பே தேர்தல் கடிதங்களை நிறுத்திவிடும் பத்திரிகைகள் பல. பதில் சொல்ல நேரமில்லாத கடைசி நேரக் குற்றச்சாட்டைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு.

[திரை: மாதிரிக் கடிதம் வரி வரியாகத் தோன்றுகிறது.]

இப்போது கடிதம். இது கற்பனை மாதிரி, எண்களும் மாதிரிக்குத்தான்.

"ஆசிரியருக்கு,

கிளை நூலகத்தை மாலை 5 மணிக்கே மூடும் யோசனை பற்றிச் செவ்வாயன்று செய்தி வெளியிட்டிருந்தீர்கள். 18ஆம் தேதி கூடும் நகராட்சிக் குழு இந்த யோசனையைக் கைவிட வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் நூலகத்துக்கு வர முடிவதே 5 மணிக்குப் பிறகுதான். சென்ற வாரம் திங்கள், புதன், வெள்ளி மாலை 5 முதல் 8 வரை வந்தவர்களை வாசலில் நின்று எண்ணினேன்: 41, 38, 52 பேர். அதே நாட்களில் காலை 8 முதல் 10 வரை வந்தவர்கள் 6, 4, 9 பேர். செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கலாம். நான் இந்த நூலகத்தின் உறுப்பினர்."

[திரை: இரண்டாம் வாக்கியம் மஞ்சளாகிறது.]

கோரிக்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தில். யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிட்டன. "சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்ய வேண்டும்" என்று முடிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சம்பந்தப்பட்டவர் யார் என்று சொல்லாத கடிதத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குழுவின் பெயரையோ, பொறுப்பில் இருப்பவரின் பெயரையோ எழுதினால் விளைவே வேறு. பத்திரிகையில் தங்கள் பெயர் எங்கே வந்திருக்கிறது என்று மக்கள் பிரதிநிதிகளின் அலுவலகத்தார் தேடிப் பார்ப்பார்கள்.

[திரை: கத்தரிக்கோல் ஒரு வாக்கியத்தை நீக்குகிறது, பிறகு வேறொன்றை.]

இனி நாமே வெட்டிப் பார்ப்போம். கடைசி இரண்டு வாக்கியத்தை எடுத்தாலும் கோரிக்கையும் எண்களும் இருக்கின்றன. நடுவில் காலை நேர எண்ணிக்கையை எடுத்தாலும் வாதம் நிற்கிறது. எந்த வாக்கியமும் "மேற்கூறிய காரணங்களால்" என்றோ "இதனால்தான்" என்றோ தொடங்கவில்லை. அப்படித் தொடங்கினால், முந்தைய வாக்கியம் போனவுடன் இதுவும் பொருளற்றுப்போகும். உங்கள் கடிதத்திலும் ஒவ்வொரு வாக்கியமாகக் கையால் மறைத்து மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். எதை மறைத்தால் கடிதம் குலைகிறதோ, அந்த வாக்கியத்தை மேலே கொண்டுபோங்கள்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? மூன்று நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், ஒரு நோட்டும் பேனாவும். நண்பர்கள் இருவர் மாற்றி மாற்றி நின்றால் ஆள் களைக்காது. ஆனால் பிறர் எண்ணியதை "எண்ணினேன்" என்று எழுதாமல் "எண்ணினோம்" என்று எழுதுங்கள். இப்படி நேரில் திரட்டிய தகவல் எந்த உரிச்சொல்லையும்விடக் கனமானது. "ஏராளமான மாணவர்கள் பெரும் அவதிக்கு ஆளாவார்கள்" என்பதை யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். 52 பேரை மறுக்க வேண்டுமென்றால் அவர்களும் வாசலில் நின்று எண்ண வேண்டும்.

எதிர்த்தரப்பு சொன்னதை மறுப்பதற்காக அதை அப்படியே திருப்பி எழுதாதீர்கள். "நூலகத்துக்கு யாரும் வருவதில்லை என்பது பொய்" என்று தொடங்கினால், வாசகர் மனதில் தங்குவது 'யாரும் வருவதில்லை' என்ற பாதிதான்.

[திரை: சிவப்புக் கோடு விழுந்த வாக்கியம்.]

அவதூறு விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கும். "இதில் குழுத் தலைவர் பணம் வாங்கியிருக்கிறார்" என்று ஆதாரமில்லாமல் எழுதினால் நீங்கள் மட்டுமல்ல, அதை வெளியிட்ட பத்திரிகையும் பல நாடுகளில் பொறுப்பாகும். அப்படி ஒரு வரி இருந்தாலே கடிதம் கூடைக்குப் போகும். ஆவணத்தில் உள்ளதைச் சொல்லிக் கேள்வியாகக் கேளுங்கள்: "ஒரே ஒரு ஒப்பந்தப்புள்ளிதான் வந்தது என்று குழுவின் நடவடிக்கைக் குறிப்பு சொல்கிறது. மறுபடி ஏன் விளம்பரம் செய்யவில்லை?" குறிப்பில் அப்படி இருப்பது உறுதி என்றால் மட்டும்.

[திரை: மின்னஞ்சல் பெட்டி.]

அனுப்பும்போது கடிதத்தை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டுங்கள். இணைப்புக் கோப்பு வேண்டாம். தமிழ் என்றால் யூனிகோடு எழுத்துருவில். பழைய எழுத்துரு என்றால் அந்தப் பக்கம் வெறும் கட்டமும் கிறுக்கலுமாகத்தான் தெரியும். பொருள் வரியில் செய்தித் தலைப்பும் தேதியும். கடிதத்துக்குக் கீழே முழுப் பெயர், முகவரி, கைபேசி எண். பெரும்பாலும் பெயரும் ஊரும்தான் அச்சாகும், மற்றவை சரிபார்க்க. அனுப்பிய பிறகு இரண்டு மூன்று நாள் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் எடுங்கள். எழுதியது நீங்கள்தானா என்று கேட்கத்தான் கூப்பிடுவார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்துக்கு அடுத்த கடிதம் போய்விடும்.

நீங்கள் ஒரு சங்கத்தின் பொறுப்பாளர் என்றால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் கடிதத்தோடு கோரிக்கையும் சேர்ந்து அடிபடும். ஒரே கடிதத்தை ஒரே ஊரின் இரண்டு பத்திரிகைக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். ஒருவருக்கு மாதம் ஒரு கடிதம் என்று வரம்பு வைத்திருக்கும் பத்திரிகைகளும் உண்டு.

[திரை: ஒரே மாதிரியான கடிதங்கள் அடுக்கடுக்காக.]

குழுவாக இயங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரு மாதிரியை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது. 2003இல், ஈராக்கில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் எழுதியதாக அமெரிக்காவின் உள்ளூர்ப் பத்திரிகைகள் பலவற்றில் கடிதங்கள் வந்தன. பெயர்கள்தான் வேறு, வாசகம் ஒன்றே. ஒரே பத்திரிகைக்கு அப்படி இரண்டு வந்ததும் அது இரண்டையும் வெளியிடவில்லை. பத்துக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அதே கடிதம் வெளியானது தெரியவந்ததும், கடிதம் சொன்ன விஷயம் பின்னுக்குப் போய், அது எப்படித் தயாரானது என்பதே செய்தியானது.

கடித மாதிரிக்குப் பதில் தகவல் தாள் கொடுங்கள். அரைப் பக்கம் போதும்: தேதி, எண்கள், யார் முடிவெடுக்கிறார்கள், பத்திரிகையின் முகவரி. அதை வைத்து மாணவர் தன் தேர்வைப் பற்றி எழுதட்டும், ஓய்வுபெற்றவர் தன் மாலை நேரத்தைப் பற்றி எழுதட்டும், கடைக்காரர் தன் வியாபாரத்தைப் பற்றி எழுதட்டும். ஐந்து பேர் ஒரே நாளில் அனுப்பினால் ஒன்றுதான் வரும். இரண்டு நாளுக்கு ஒன்றாக அனுப்பினால் பத்து நாள் அந்த விஷயம் ஆசிரியர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கடிதம் வராவிட்டாலும், ஒரே விஷயம் பற்றி அஞ்சல் தொடர்ந்து வந்தால் நிருபரை அனுப்பிப் பார்க்கும் ஆசிரியர்கள் உண்டு.

ஒரு வாரமாகியும் வரவில்லையா? ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள், ஒருமுறை மட்டும். பிறகு புதிய செய்தி ஏதாவது வரும்போது, அதைச் சுட்டி முதல் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். எண்களைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

[திரை: வெட்டிய கடிதம், மேலே பத்திரிகைப் பெயரும் தேதியும்.]

கடிதம் வந்துவிட்டால், பத்திரிகைப் பெயரும் தேதியும் தெரியும்படி வெட்டி நகல் எடுங்கள். குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே. தலைப்பை ஆசிரியர் வைத்திருப்பார். பிடிக்காவிட்டாலும் சண்டைக்குப் போக வேண்டாம். உங்களை மறுத்து யாராவது எழுதினால், எண்ணில் பிழை சுட்டியிருந்தால் மட்டும் நீங்கள் பதில் எழுதுங்கள். வசைக்குப் பதில் தேவையே இல்லை. கருத்து மறுப்புக்கு உங்களோடு இருக்கும் வேறொருவர் தன் பெயரில், தன் சொந்த வார்த்தையில் எழுதட்டும். உங்கள் அடுத்த கடிதத்தைக் குழு முடிவெடுத்த மறுநாளுக்காக வைத்திருங்கள்.