மறுமுனையில் அமர்ந்திருந்த பெண்கள்

வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது 1870-களிலிருந்து விக்டோரியா மகாராணி காலமான 1901 வரையிலான லண்டனைப் பற்றி. தந்தியும் தொலைபேசியும் தட்டச்சுப் பொறியும் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், இருட்டறையில் வட்டமாக உட்கார்ந்து இறந்தவர்களை அழைக்கும் ஆவி அமர்வுகளும் அந்த நகரில் பெருகின. முன்னது அறிவியல், பின்னது மூடநம்பிக்கை என்று பிரித்து வைத்துப் பார்க்கவே நாம் பழகியிருக்கிறோம். ஆனால் அந்தக் காலத்து எழுத்துகளைப் படிக்கப் படிக்க, இரண்டு இடங்களிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியத் தொடங்கியது. செய்தியை ஓரிடத்திலிருந்து வாங்கி இன்னோரிடத்தில் சேர்ப்பது அவள் வேலை. பெரும்பாலும் அவள் ஓர் இளம்பெண்.

1874-இல் லண்டனில் ஒரு வீட்டில் நடந்த சோதனையைச் சொல்கிறேன். ஃப்ளோரன்ஸ் குக் என்ற, இருபது வயதுகூட நிரம்பாத பெண் திரைக்குப் பின்னால் மயக்கநிலையில் இருக்கும்போது, 'கேட்டி கிங்' என்ற ஆவி வெள்ளை உடையில் வெளியே நடந்து வரும் என்று சொல்லப்பட்டது. வருவது குக்கேதானா என்று சோதிக்க முன்வந்தவர் குரோம்வெல் வார்லி. அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பித் திட்டத்தில் பணியாற்றிய மின்பொறியாளர். அவர் அந்தப் பெண்ணின் இரு கைகளிலும் ஈர ஒற்றுத்தாளோடு தங்க நாணயங்களை வைத்துக் கட்டி, அவற்றில் கம்பி இணைத்து, மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, திரைக்கு வெளியே கால்வனோமீட்டர் என்ற மின்னோட்டம் அளக்கும் கருவியின் அளவைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவள் கம்பியைக் கழற்றினால் மின்சுற்று அறுபட வேண்டும். கடலடிக் கம்பி பழுதின்றி இருக்கிறதா என்று கரையிலிருந்தே அறியும் முறையை அப்படியே ஒரு பெண்ணின் உடம்புக்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதை நான் முதலில் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுற்று அறுபடவில்லை, வார்லிக்கு அது போதுமானதாக இருந்தது. 1880-இல் வேறோர் அமர்வில் பார்வையாளர் ஒருவர் எட்டிப் பிடித்தபோது, ஆவியாக நின்றது குக்கேதான் என்று தெரியவந்தது.

வார்லி மட்டும் தனியாக இல்லை. 1882-இல் லண்டனில் ஆவிகள், எண்ணப் பரிமாற்றம் போன்றவற்றை ஆராயும் 'சைக்கிக்கல் ரிசர்ச்' சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் மையர்ஸ், டெலிகிராஃப் என்ற சொல்லின் முன்பாதியைக் கொண்டே, ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்கு எண்ணம் நேரடியாகச் செல்வதைக் குறிக்கும் 'டெலிபதி' என்ற சொல்லை உருவாக்கினார். கம்பியில்லாத் தந்தி வரும் என்று 1892-லேயே எழுதிய வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸும், 1894-இல் மின்காந்த அலைகளை மேடையில் செய்துகாட்டிய இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜும் பின்னர் அந்தச் சங்கத்துக்குத் தலைமை வகித்தார்கள். கம்பியே இல்லாமல் சமிக்ஞை போகுமானால் எண்ணம் ஏன் போகக் கூடாது என்ற கேள்வி அவர்களுக்கு வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை. அன்றைய ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற சொல் பொறியையும் குறித்தது, அதை இயக்கும் பெண்ணையும் குறித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை நான் இப்போது இந்தக் கண்ணோட்டத்தில்தான் படிக்கிறேன். பல்லும் இரத்தமும்தான் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் அந்த நாவலில் பாதி வேலை தட்டச்சுப் பொறியில் நடக்கிறது. டாக்டர் செவர்ட் தன் நாட்குறிப்பை ஃபோனோகிராஃபின் மெழுகு உருளைகளில் பேசிப் பதிவு செய்கிறார்; ஆனால் அதில் வேண்டிய பகுதியை எப்படித் தேடி எடுப்பது என்று அவர் யோசித்ததே இல்லை. மினா ஹார்க்கர்தான் அந்த உருளைகளைக் கேட்டு, மூன்று பிரதிகளாகத் தட்டச்சு செய்கிறாள். அவருடைய துயரம் முழுவதும் அந்தக் குரலில் இருந்தது, இனி வேறு யாரும் அதைக் கேட்க வேண்டாம் என்ற அக்கறையும் அவளுக்கு இருந்தது. டிராகுலா கையெழுத்துப் பிரதியையும் உருளைகளையும் தீயில் போட்டபோது, பெட்டகத்தில் இருந்த அவளுடைய பிரதிதான் தப்பியது.

அதன் பிறகு நடப்பதுதான் என்னை வருத்துகிறது. அவள் தொகுத்துக் கொடுத்த தாள்களை வைத்துத் திட்டமிடும் ஆண்கள், அவளைக் காப்பதாக எண்ணி ஆலோசனையிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். அந்தத் தனிமையில்தான் டிராகுலா அவளைத் தாக்குகிறான். அவன் இரத்தத்தைக் குடிக்க வைக்கப்பட்ட பிறகு, விடியலிலும் அந்தியிலும், வேட்டைக்குத் தலைமை தாங்கும் வான் ஹெல்சிங் அவளை அறிதுயிலில் ஆழ்த்த, டிராகுலா தப்பிச் செல்லும் கப்பலின் பக்கத்தில் நீர் அலைவதை அவள் கேட்டுச் சொல்கிறாள். தட்டச்சு செய்தவள் இப்போது தானே தந்திக் கருவி ஆகிவிட்டாள். அந்தத் தொடர்பு இரு திசையிலும் ஓடும் என்பதை உணர்ந்து, தங்கள் திட்டத்தைத் தன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்பவளும் அவளே. அந்த நாவலிலேயே தெளிவான தொழில்நுட்ப அறிவு மினாவுக்குத்தான் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த ஆண்டு, 1898-இல், ஹென்றி ஜேம்ஸ் 'இன் தி கேஜ்' என்ற குறுநாவலை எழுதினார். லண்டனின் செல்வந்தர் பகுதியில், மளிகைக் கடைக்குள் கம்பி அடைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து தந்திச் சொற்களை எண்ணும் ஒரு பெண்ணின் கதை அது. ஆவி இல்லை, மந்திரம் இல்லை. ஆனாலும் அறிமுகமே இல்லாத ஒருவரின் இரகசியக் காதலைச் சில சொற்களிலிருந்து அவள் உருவாக்கிக்கொள்வதைப் படிக்கும்போது, ஆவி அமர்வில் உட்கார்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றியது. அவளுக்குக் கடைசிவரை பெயர் இல்லை.

ஆண் ஒருவர் கருவியானதும் உண்டு. புகழ்பெற்ற பத்திரிகையாசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட், 1891-இல் இறந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜூலியா ஏம்ஸ் தன் கை வழியாக எழுதுவதாக நம்பினார், அதை வெளியிட்டார், 1893-இல் 'பார்டர்லேண்ட்' என்ற இதழையே தொடங்கினார். ஆனால் அவர் பெயர் அழியவில்லை, வளர்ந்தது.

ஜேம்ஸுக்குத் திரும்பி வருகிறேன். 1890-களின் பிற்பகுதியிலிருந்து அவர் நாவல்களைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தட்டச்சு செய்தார்கள். 1907-இல் அந்தப் பணிக்கு வந்தவர் தியோடோரா போசன்கெட். அதற்காகவே தட்டச்சு கற்றவர். ரெமிங்டன் பொறி பழுதாகி, ஓசை எழுப்பாத வேறொரு பொறி வந்த நாள்களில் ஜேம்ஸ் திணறினார் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். 1915 டிசம்பரில் பக்கவாதம் வந்த பிறகும், நினைவு தடுமாறிய நிலையில், தன்னை நெப்போலியன் என்று எண்ணிக்கொண்டு ஜேம்ஸ் சொன்ன வாசகங்களையும் போசன்கெட் எழுதிக்கொண்டார். 1916 பிப்ரவரியில் ஜேம்ஸ் இறந்தார். போசன்கெட் அந்த 'சைக்கிக்கல் ரிசர்ச்' ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1930-களில், இறந்த ஜேம்ஸ் மீண்டும் தனக்குச் சொல்லி எழுத வைக்க விரும்புவதாகச் செய்தி வந்தது என்று நம்பி, காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.